பிரிக்காத தையல்

பேண்ட் தைக்கும்போது பின்பக்கத் தையலில் இரண்டு விரல் அகலத்துக்குத் துணியை உள்ளே விட்டுத்தான் அப்பா தைப்பார். "மனுசன் உடம்பு ஒரே மாதிரியா இருக்கு? நாளைக்குப் பிரிச்சு விட வேணும்ல" என்பார். கல்யாணத்துக்குத் தைத்த பேண்ட்டை மூன்று வருடம் கழித்து மஞ்சப்பையில் சுருட்டிக்கொண்டு வருகிறவர்களிடம் அவர் எதையும் கேட்க மாட்டார். பழைய தையலை பிளேடால் பிரிப்பார். உள்ளே இருக்கும் துணியில் ஒரு இஞ்சை வெளியே விட்டு, மறுபடி ஒரு ஓட்டு ஓட்டிக் கொடுத்துவிடுவார். பிரித்த இடத்தில் வெயில் படாத துணி கொஞ்ச நாள் கருத்த கோடாகத் தெரியும். நாலு சலவையில் அதுவும் மறைந்துவிடும்.

மதுரை தெற்கு வாசல் பக்கம் ஒரு சந்துக்குள் இருந்தது எங்கள் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. அப்பா பதினான்கு வயதில் புதுமண்டபத்தில் காஜா எடுக்கும் பையனாகத் தொழிலுக்கு வந்தவர். மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய அந்தக் கல் மண்டபத்தில் தூணுக்குத் தூண் தையல் மிஷின்கள் ஓடிய காலம் அது. ஒவ்வொருவர் அளவையும் தேதி போட்டு எழுதி வைக்கும் பழக்கம் அங்கே வந்ததுதான். சிவப்பு அட்டை போட்ட நீள நோட்டு. ஓர் ஆளுக்கு ஒரு பக்கம். உயரம், இடுப்பு, சீட்டு, தொடை, பாட்டம். அடுத்த தடவை வந்தால் அதே பக்கத்தில் அடுத்த வரி.

அந்த நோட்டில் அப்பாவுக்கும் ஒரு பக்கம் இருந்தது. 1977இல், கல்யாணத்தின்போது, இடுப்பு 28. 1990இல் 31. 1996இல் 33. 2001இல் 36. 2008இல் 38. ஐந்தே வரிகள். அவற்றைப் படிக்கக் கற்றுக்கொள்ள எனக்கு அப்பாவின் உயிர் ஊசலாடிய ஒரு வாரம் தேவைப்பட்டது.

*

1996ஆம் வருடம் நன்றாக நினைவிருக்கிறது. அதுவரை அப்பா காலால் மிதிக்கும் மிஷின்தான் வைத்திருந்தார். காலை ஒன்பது மணிக்கு மிதிக்க ஆரம்பித்தால் இரவு ஒன்பது வரை கால் ஓயாது. அந்த மிதிச் சத்தத்தில்தான் நானும் தம்பியும் தூங்கிப் பழகினோம். பள்ளிச் சீருடை ஆர்டர் ஒன்று பெரிதாக வந்தது. அந்தப் பணத்தில் மிஷினுக்கு மோட்டார் மாட்டினார். அடுத்த வருடமே சைக்கிளைக் கொடுத்துவிட்டு டிவிஎஸ் 50 வாங்கினார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அப்பாவின் கால்கள் ஓய்ந்துவிட்டன என்று அம்மா சாமிக்குத் தேங்காய் உடைத்தார்.

வேலை மட்டும் ஓயவில்லை. தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதம் விடிய விடிய மிஷின் ஓடும். ராத்திரி பதினொரு மணிக்குச் சால்னாவோடு பரோட்டா வரும். தூக்கம் கலைய இரண்டு மணிக்கு ஒரு டீ, மூன்றரைக்கு இன்னொரு டீ. பகலில் உட்கார்ந்த இடத்துக்கு வடையும் பஜ்ஜியும் வரும். மத்தியானம் குவித்து வைத்த வெள்ளைச் சோறு. அப்பா பெருந்தீனிக்காரர் இல்லை. அவர் வயதில், அவர் தொழிலில் இருந்த எல்லோரும் சாப்பிட்டதைத்தான் அவரும் சாப்பிட்டார்.

அவரைப் பார்த்து யாரும் குண்டு என்று சொல்லியிருக்க மாட்டார்கள். கையும் காலும் குச்சி. வயிறு மட்டும் பனியனுக்குள் உருண்டிருக்கும். இதில் தொழில் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும் சூட்சுமம் ஒன்று இருக்கிறது. பேண்ட்டுக்கு எடுக்கும் இடுப்பளவு வயிற்றின் அளவு இல்லை. தொந்தி விழுந்த ஆண்கள் பேண்ட்டைத் தொந்திக்குக் கீழே இறக்கிப் போடுவார்கள். டேப் அங்கேதான் சுற்றி வரும். மருத்துவர்கள் அளப்பது கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், ஏறத்தாழத் தொப்புள் மட்டத்தில். நம் நாட்டு ஆண்களுக்கு அங்கே 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. இஞ்சில் சொன்னால் ஆணுக்கு முப்பத்தைந்தரை, பெண்ணுக்கு முப்பத்தொன்றரை. அப்பாவின் நோட்டில் 36 என்று எழுதிய வருடம், அவர் தொப்புளைச் சுற்றி டேப் வைத்திருந்தால் 39 வந்திருக்கும்.

*

நான் லேப் டெக்னீஷியன். 2001இல் ஒரு சிறிய ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த மாதமே அப்பாவை வெறும் வயிற்றில் உட்கார வைத்து ரத்தம் எடுத்தேன். மகள் ஊசி போடுவதைப் பார்க்கும் பெருமைக்காகத்தான் அவர் கையை நீட்டினார். சர்க்கரை 168. 126ஐத் தாண்டினாலே நீரிழிவு. மிஷின் கோளாறு என்று நினைத்து மறுநாளும் எடுத்தேன். 171.

"நம்ம வம்சத்துலயே யாருக்கும் சுகர் கிடையாதே தாயி. நான் என்ன குண்டாவா இருக்கேன்?" என்றார்.

அந்தக் கேள்விக்கான பதில் 2004இல் லான்செட் இதழில் ஒரு படமாகவே வந்தது. புனேயைச் சேர்ந்த சர்க்கரை நோய் ஆய்வாளர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் பிரிட்டன் மருத்துவர் ஜான் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம். உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் உடல் நிறை எண் இருவருக்கும் ஒன்றே, 22.3. ஆனால் உடம்பில் உள்ள கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரியும் இந்திய உடம்புக்குள் கொழுப்பு ஒளிந்திருக்க முடியும், அதுவும் பெரும்பாலும் வயிற்றுக்குள், குடலையும் ஈரலையும் சுற்றி. நான் அந்தப் படத்தைப் பார்த்தபோது அப்பாவின் குச்சிக் கைகள்தான் நினைவுக்கு வந்தன.

அப்பாவிடமிருந்து வருடா வருடம் ரத்தம் எடுத்தேன். சாம்பல் மூடிக் குழாய் சர்க்கரைக்கு. சிவப்பு மூடி கொழுப்புக்கு. ஊதா மூடி ரத்த அணுக்களுக்கு. ஒரே நரம்பிலிருந்து வந்த ரத்தம் மூன்று குழாய்க்குப் பிரியும், மூன்று மிஷின்களுக்குப் போகும், மூன்று தாள்களில் எண்ணாகத் திரும்பி வரும். டிரைகிளிசரைடு 246. நல்ல கொழுப்பு என்று சொல்லும் எச்.டி.எல். 33. ரத்த அழுத்தம் 148க்கு 92. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு மாத்திரை வந்தது. அப்பா அவற்றைக் காலி பட்டன் டப்பாவில் போட்டு வைத்து ஒழுங்காகச் சாப்பிட்டார். நானும் தாள்களைத் தனித்தனி உறைகளில் போட்டு ஒழுங்காக அடுக்கி வைத்தேன்.

பெருத்த வயிறு, கூடின சர்க்கரை, கூடின டிரைகிளிசரைடு, குறைந்த எச்.டி.எல்., கூடின ரத்த அழுத்தம். இந்த ஐந்தில் மூன்று சேர்ந்திருந்தாலே அதற்கு வளர்சிதை மாற்றக் கோளாறு என்று பெயர். அமெரிக்க மருத்துவர் ஜெரால்ட் ரீவன் 1988இல் ஆற்றிய ஒரு பேருரையில் இவற்றில் பலவும் உதிரி உதிரியான நோய்கள் அல்ல, இன்சுலினுக்கு உடம்பு செவிசாய்க்காமல் போவதுதான் அடியில் இருக்கும் வேர் என்று எடுத்துச் சொன்னார். அப்பாவுக்கு ஐந்துமே இருந்தன. நான் பாடத்தில் படித்திருந்தேன். இதயத்துக்கு ஆகாது, சிறுநீரகத்துக்கு ஆகாது, கண்ணுக்கு ஆகாது என்றெல்லாம் தெரியும். குடலைப் பற்றி நான் ஒரு நாள்கூட நினைத்ததில்லை.

*

2010 கடைசியில் அப்பா கழிப்பறையில் அதிக நேரம் இருக்க ஆரம்பித்தார். சில நாள் போகவில்லை என்பார். சில நாள் நாலைந்து தடவை போவார். ரத்தம் போனதை யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் மட்டும், "சூடு பிடிச்சிருக்கு, மூலமா இருக்கும்" என்றார். நாளெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்து தைக்கிறவருக்கு மூலம் வருவதில் யாருக்கு என்ன சந்தேகம்? அம்மா துத்தி இலையை வதக்கிக் கொடுத்தார். வாரம் இரண்டு நாள் கருணைக்கிழங்கு மசியல். நல்லெண்ணெய் தேய்த்துக் குளியல்.

2011 ஆகஸ்டில் அவருடைய ஊதா மூடிக் குழாயை நானே மிஷினில் வைத்தேன். ஹீமோகுளோபின் 9.4. மூன்று வருடத்துக்கு முன் 14. சிவப்பணுக்களின் சராசரிப் பருமன் 68, குறைந்தது 80 இருக்க வேண்டும். கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். சின்னச் சின்னதாக, நடுவில் வெளுத்துப்போன அணுக்கள். இரும்புச் சத்துக் குறைவு. எழுதி, கையெழுத்துப் போட்டு, அப்பாவை எங்கள் பகுதியில் இருந்த ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் மூலம் என்ற பேச்சைக் கேட்டார், தாளைப் பார்த்தார், இரும்பு மாத்திரை எழுதினார். அப்பாவைப் படுக்க வைத்துப் பரிசோதிக்கவில்லை. பரிசோதிக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை.

மாதவிலக்கு இல்லாத உடம்பில், ஐம்பத்தெட்டு வயது ஆணுக்கு, இரும்பு குறைகிறது என்றால் அது எங்கோ ஒழுகிப் போகிறது என்று பொருள். பெரும்பாலும் இரைப்பையிலோ குடலிலோ. எங்கே ஒழுகுகிறது என்று தேடாமல் இரும்பு மாத்திரை கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது. அந்த மாத்திரை மலத்தையும் கறுப்பாக்கிவிடும், ரத்தம் போவது இன்னும் மறைந்துவிடும். எவ்வளவு குறைந்தது என்பதை அளந்தவள் நான். எங்கே போனது என்று கேட்டிருக்க வேண்டியவளும் நான்தான். இதை யார் மேலும் போட்டு என்னால் இறக்கி வைக்க முடிந்ததில்லை.

அந்த வருடம் அக்டோபர் 26 தீபாவளி. அப்பா வெளுத்த முகத்தோடு கடைசிச் சட்டைவரை தைத்துக் கொடுத்தார். தீபாவளி முடிந்த ஒன்பதாம் நாள் வயிறு மத்தளம் போல உப்பியது. காற்றும் பிரியவில்லை. வாந்தி நிற்கவில்லை. ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். ஸ்கேனில் இடது அடிவயிற்றில், எஸ் எழுத்துப் போல வளையும் இடத்தில், பெருங்குடலை ஒரு கட்டி முழுக்க அடைத்திருந்தது. அன்று இரவே அறுவை. கட்டியை எடுத்துவிட்டு, குடலின் மேல் முனையை வயிற்றின் தோலுக்கு வெளியே கொண்டுவந்து தைத்துப் பை மாட்டினார்கள்.

மறுநாள் காலை அந்த அறுவை மருத்துவர் என்னை வராந்தாவில் நிறுத்திச் சொன்னார். "பக்கத்து நெறிகட்டிக்கும் போயிருக்கு. மூணாவது கட்டம். இது நேத்து வந்ததில்லம்மா. சின்ன மரு மாதிரி, பாலிப்பா ஆரம்பிச்சுப் பத்து வருசமாவது உள்ள வளர்ந்திருக்கும்."

பத்து வருடம். 2011இலிருந்து பத்தைக் கழித்தேன். 168 என்று நான் எழுதிய வருடம். நோட்டில் 36 என்று அவர் எழுதிய வருடம்.

*

அந்த ஒரு வாரம் ஐ.சி.யு. வாசலில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தவள் இன்றுவரை நிறுத்தவில்லை. எனக்கு விளங்கியதை அப்பாவுக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன்.

குடலின் உட்புறத் தோல் நான்கைந்து நாளுக்கு ஒரு முறை புதுசாகிறது. பழைய செல்கள் உதிர, அடியிலிருந்து புதியவை பிரிந்து மேலே வருகின்றன. ஓயாமல் தைக்கும் இடத்தில்தான் தையல் தப்பும். இங்கே செல் பிரியும்போது மரபணுவில் தப்பு விழலாம். பெரும்பாலான தப்புச் செல்கள் தாமே செத்துவிடும். இங்கேதான் இன்சுலின் குறுக்கே வருகிறது. அது சர்க்கரையைச் செல்லுக்குள் அனுப்பும் வேலையோடு நிற்பதில்லை. 'வளர், பிரி' என்று செல்களுக்குச் சொல்லும் ஆணையும் அதற்குள் இருக்கிறது. வயிற்றுக் கொழுப்பு கூடி, உடம்பு இன்சுலினுக்குச் செவிசாய்க்காமல் போகும்போது, கணையம் இன்னும் இன்னும் சுரக்கிறது. ரத்தத்தில் வருடக்கணக்காக இன்சுலின் மிதமிஞ்சி நிற்கிறது. அதைச் சார்ந்த ஐ.ஜி.எஃப்.-1 என்ற வளர்ச்சிக் காரணியின் வீரியமும் கூடுகிறது. சாக வேண்டிய தப்புச் செல்லுக்கு, சாகாதே, பிரிந்துகொண்டே இரு என்ற செய்தி போகிறது. 1990களின் நடுவில் கனடாவின் கெயில் மக்கியோன்-ஐசனும் ஹார்வர்டின் எட்வர்ட் ஜியோவனூச்சியும் இந்தக் கருத்தைத் தனித்தனியே முன்வைத்தார்கள். அதற்குப் பிறகு வந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், நீரிழிவு உள்ளவர்களுக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதல்.

வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பும் சும்மா கிடப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரந்தபடியே இருக்கிறது. உடம்பின் மிகைக்கொழுப்பைத் தவிர்ப்பது 13 வகைப் புற்றுநோய்களின் அபாயத்தைக் குறைக்கும் என்பதற்குப் போதிய சான்று இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016இல் அறிவித்தது. அந்தப் பட்டியலில் பெருங்குடலும் மலக்குடலும் இருக்கின்றன.

சாப்பாடு குடலுக்குள் எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பதைக் காட்டும் ஓர் ஆய்வு 2015இல் வெளிவந்தது. அமெரிக்காவில் வாழும் 20 கறுப்பினத்தவரும் தென்னாப்பிரிக்கக் கிராமத்தார் 20 பேரும் இரண்டே வாரத்துக்குச் சாப்பாட்டை மாற்றிக்கொண்டார்கள். நார்ச்சத்து மிகுந்த கிராமத்துச் சாப்பாட்டுக்கு வந்த அமெரிக்கர்களின் குடல் தோலில் அழற்சியும் செல் பிரியும் வேகமும் தணிந்தன. இறைச்சியும் கொழுப்பும் மிகுந்த சாப்பாட்டுக்குப் போன கிராமத்தாருக்கு அவை கூடின. நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தைக் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் தின்று பியூட்டிரேட் என்ற பொருளாக மாற்றுகின்றன. குடல் தோலின் செல்களுக்கு அதுதான் சோறு. என் பாட்டி கம்பங்கூழும் கீரையும் மொச்சையும் சாப்பிட்டவர். அப்பா தீட்டிய அரிசியும் மைதாவும் சாப்பிட்டவர். ஒரே தலைமுறையில் குடலுக்குள் இருந்த உலகமே மாறிவிட்டது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, கீமோ ஏறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அப்பா கேட்டார்: "அப்போ நானே இழுத்து விட்டுக்கிட்டதா தாயி இது?"

இல்லை என்று சொன்னேன். அப்பாவைத் தேற்றச் சொன்ன பொய் அல்ல அது. 30 சதவீதம் கூடுதல் என்றால், நூற்றுக்கு முப்பது பேருக்கு வரும் என்று அர்த்தமில்லை. பத்துப் பேருக்கு வரும் கூட்டத்தில் பதின்மூன்று பேருக்கு வரும் என்பதுதான். அந்தப் பதின்மூன்றில் அப்பா யார், நோய் எப்படியும் வந்திருக்கும் பத்துப் பேரில் ஒருவரா, கூடுதலான மூவரில் ஒருவரா, எந்தச் சோதனையும் சொல்லாது. கட்டான உடம்பு உள்ளவர்களுக்கும், சர்க்கரையே இல்லாதவர்களுக்கும், பரம்பரையில் மரபணுக் கோளாறு உள்ள இளைஞர்களுக்கும் இது வருகிறது. புகையும் குடியும் தனிக் காரணங்கள், அப்பாவிடம் இரண்டும் இல்லை. ராத்திரி பரோட்டா தின்றது அவர் ஆசை மட்டுமில்லை, எங்கள் இருவர் பள்ளிக்கூடக் கட்டணமும்தான் அது. நோயாளியைக் கூண்டில் ஏற்ற இந்த அறிவு நமக்குக் கிடைக்கவில்லை. நோய் வராத ஆளின் கையைப் பிடித்து நிறுத்தத்தான் கிடைத்திருக்கிறது.

*

பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, பன்னிரண்டு தடவை கீமோ. அந்த மருந்துகளில் ஒன்று விரல் நுனி நரம்புகளைப் பாதிக்கும். குளிர்ந்த தம்ளரைத் தொட்டால் மின்சாரம் அடித்த மாதிரி கையை இழுத்துக்கொள்வார். நாலாவது மாதம் அவரால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. கையில் ஊசி இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்றே விரலுக்குத் தெரியவில்லை. அப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அறுவைக்கு அழவில்லை, பைக்கு அழவில்லை.

அம்மா நூல் கோத்துக் கொடுக்க ஆரம்பித்தார். மிஷின் முன்னால் உட்கார்ந்த அப்பா முதலில் தைத்தது, வயிற்றில் மாட்டியிருந்த பைக்கு ஒரு உறை. பிளாஸ்டிக் பை வியர்வையில் தோலோடு ஒட்டிப் புண்ணாக்கியது. மெல்லிய பருத்தித் துணியில், மேலே வட்டமாக வாய் வைத்து, கனம் தாங்க இடுப்பில் கட்டும் பட்டியோடு தைத்தார். அடுத்த தடவை கீமோவுக்குப் போனபோது பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு பெண்மணி அதைத் தொட்டுப் பார்த்து, "எனக்கும் ஒண்ணு தச்சுத் தர்றீங்களாண்ணே" என்று கேட்டார். அளவு எடுக்கக் கூச்சப்பட்டார். அப்பா டேப்பை என்னிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அந்த வார்டில் மட்டும் முப்பதுக்கு மேல் தைத்திருப்பார். காசு வாங்கவில்லை. 2012 கடைசியில் குடலை மறுபடி இணைத்துப் பையை எடுத்தார்கள். உறைகள் தைப்பதை அவர் நிறுத்தவில்லை.

இன்னொன்றும் மாறியது. பேண்ட்டுக்கு அளவு எடுக்கும்போது, இடுப்பை எடுத்து முடித்த பிறகு டேப்பை மேலே ஏற்றித் தொப்புளைச் சுற்றி ஒரு தடவை வைப்பார். "இது எதுக்குண்ணே?" என்று கேட்பார்கள். "முப்பத்தஞ்சரையத் தாண்டியிருச்சு. பேண்ட்டு நான் தச்சுத் தாரேன். நீங்க வெறும் வயித்துல ஒரு ரத்தம் குடுத்துருங்க, எம்பொண்ணு லேப்ல இருக்கு" என்பார். ரத்தம் போகிறதா, வழக்கம் மாறியிருக்கிறதா என்று நாற்பது தாண்டியவர்களிடம் வெட்கமில்லாமல் கேட்பார். மூலம் என்று அவர்களே முடிவு செய்ய விடமாட்டார். "எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க" என்று சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டுவார். சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். பலர் என் லேபுக்கு வந்தார்கள். அப்படி வந்தவர்களில் பாதிப் பேருக்காவது ஏதோ ஓர் எண் எல்லையில் நின்றது. நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவும், 13 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு அதற்கு முந்தைய நிலையும் இருக்கிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அந்த வரிசையை எங்கள் கடை வாசலிலேயே பார்த்துவிட்டேன்.

அந்த முந்தைய நிலையில் திரும்பி வர வழி இருக்கிறது. சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று வருடம் பின்தொடர்ந்தார்கள். 2006இல் முடிவு வந்தது. நடையும் சாப்பாட்டு மாற்றமும் மட்டுமே நீரிழிவுக்குள் விழுவதை 28.5 சதவீதம் குறைத்தன. இதை நான் அப்பாவிடம் சொன்னபோது, அவர் மிஷினில் இருந்த மோட்டாரைக் கழற்றச் சொன்னார். பழைய மிதிப் பலகையைப் பரணிலிருந்து இறக்கி மாட்டினோம்.

*

2016இல் தம்பி ஒரு பேண்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவன் கல்யாணத்துக்கு அப்பா கையால் தைத்த சாம்பல் நிறப் பேண்ட். கூரியர் கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை. நோட்டில் அவன் பக்கத்தில் 30 என்று இருந்தது, அன்றைக்கு 34 வந்தது.

அப்பா பேண்ட்டைத் திருப்பிப் பின்தையலைத் தடவிப் பார்த்தார். "துணி உள்ள இருக்கு. ஆனா பிரிக்க மாட்டேன்" என்றார்.

"ஊருக்கெல்லாம் பிரிச்சுக் குடுக்குறீங்க, எனக்கு மட்டும் என்னப்பா?"

"ஊர்க்காரன் எம்புள்ள இல்லடா."

தம்பி முகம் சுருங்கிப் போனான். பேண்ட்டை அங்கேயே போட்டுவிட்டுக் கிளம்பினான். அப்பா அதை மடித்துக் கட்டிங் டேபிளுக்கு அடியில் வைத்தார்.

2018 மார்கழியில் ஒரு விடியற்காலை அப்பா போனார். ஏழு வருடம் ஸ்கேனில் புற்று திரும்பி வரவில்லை. போனது மாரடைப்பில். அதே வேரின் இன்னொரு கிளை. ஐந்து எண்களையும் பல வருடம் சுமந்த ரத்தக்குழாய்கள் அவை.

பெற்றவருக்கு இந்தப் புற்றுநோய் வந்திருந்தால் பிள்ளைகள் நாற்பது வயதிலோ, பெற்றவருக்குக் கண்டுபிடித்த வயதுக்குப் பத்து வருடம் முன்போ, எது முந்தியோ அப்போது குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்துவிட வேண்டும். 2019இல் எனக்கு நாற்பது. முதல் நாள் மாலை பேதி மருந்தைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துக் குடலைக் கழுவிக்கொண்டேன். மறுநாள் லேசான மயக்கத்தில் அரை மணி நேரத்தில் முடிந்தது. இரண்டு பாலிப்கள். ஒன்று 8 மில்லிமீட்டர், ஒன்று 4. கம்பி வளையத்தால் அப்போதே அறுத்து எடுத்துவிட்டார்கள். அந்தத் தகட்டை மைக்ரோஸ்கோப்பில் நானே பார்த்தேன். ஊதா நிறத்தில், நெருக்கியடித்துக்கொண்டு, ஒழுங்கு கலைந்து நின்ற சுரப்பிகள். அடினோமா. புற்று ஆகாத, ஆகக்கூடிய பருவம். அப்பாவுக்கும் ஒரு வருடம் இது இந்த அளவில் இருந்திருக்கும். அப்போது யாராவது பார்த்திருந்தால் இதே அரை மணி நேரம்தான் ஆகியிருக்கும். நான் அந்தத் தகட்டின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

என் தொப்புள் அளவு அன்றைக்கு 34. நோட்டில் புதுப் பக்கம் எடுத்து எழுதினேன்.

தம்பி பயந்தவன். எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன் என்று ரத்தம் கொடுப்பதைக்கூட நான்கு வருடம் தட்டிக் கழித்தான். 2023இல் அவனுக்கு நாற்பது வந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 112 என்று என் கையாலேயே தாள் எடுத்துக் கொடுத்தேன். ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டான். மறுவாரம், "நீ கூட வர்றியாக்கா?" என்று கேட்டான். போனேன். ஒன்றும் இல்லை, சுத்தமாக இருந்தது. ஐந்து வருடம் கழித்து வரச் சொன்னார்கள். வெளியே வந்து ஒரு இளநீர் குடித்துவிட்டு அவன் தேம்பி அழுதான்.

அப்போதிருந்து காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறான். ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடிக்கிறான். சோற்றைக் குறைத்து, கீரையும் பயறும் கூட்டியிருக்கிறாள் அவன் மனைவி. சில வாரம் தவறும், மறுபடி தொடங்குவான்.

போன பொங்கலுக்கு வந்தபோது கட்டிங் டேபிளுக்கு அடியிலிருந்து அந்தச் சாம்பல் நிறப் பேண்ட்டை அவனே எடுத்தான். பின்னறைக்குப் போய்ப் போட்டுப் பார்த்துவிட்டு வந்தான். கொக்கி மாட்டவில்லை. இன்னும் ஒரு விரல் இடைவெளி. என் கைக்கு எட்டும் தூரத்தில் பிளேடு இருந்தது, மிஷினில் நூலும் கோத்திருந்தது, பின்தையலுக்குள் அப்பா விட்ட துணியும் அப்படியே இருந்தது. அவன் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பேண்ட்டை மடிப்புக் கலையாமல் மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தெப்பக்குளத்துக்குக் கிளம்பினான்.